ஆக்ஸலாட்டல் தோலில் சிவப்புத் திட்டு, செவுளில் பஞ்சு மாதிரி ஏதோ: மருந்து ஊற்றலாமா?

வில்லாபுரத்துப் பொண்ணு:

எல்லோருக்கும் வணக்கம். அவசரம், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

என்னிடம் ஒரு வெள்ளை ஆக்ஸலாட்டல் இருக்கிறது (தண்ணீரிலேயே வாழ்கிற சாலமாண்டர், தலையின் இரண்டு பக்கமும் செவுள் கொம்பு மாதிரி வெளியே நீட்டியிருக்கும்), கறுப்புக் கண்ணும் ரோஸ் செவுளும் உள்ள வகை, பெயர் முத்து. வயது ஒன்றேகால். இரண்டரை அடித் தொட்டி, 80 லிட்டர் தண்ணீர் பிடிக்கும், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், அடியில் மெல்லிய மணல், ஒளிந்துகொள்ள உடைந்த மண்பானைப் பாதி. வீட்டு போர் தண்ணீர்தான் ஊற்றுகிறேன். 14 மாதமாக ஒரு பிரச்சினையும் இல்லை.

சித்திரைத் திருவிழாவுக்கு வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். எதிர்சேவைக்கும் அழகர் ஆற்றில் இறங்குவதற்கும் நாங்கள் ராத்திரி எல்லாம் வெளியில் இருந்தோம், சின்னப் பிள்ளைகள் ஆளுக்குக் கொஞ்சமாகத் தீனி போட்டிருக்கிறார்கள். திரும்பி வந்து பார்த்தால் தண்ணீர் பால் மாதிரி கலங்கிக் கிடந்தது, மேலே நாற்றம். பதறிப்போய் மொத்தத் தண்ணீரையும் இறைத்துவிட்டு, மணலைக் கழுவி, ஸ்பாஞ்சைக் கார்ப்பரேஷன் குழாயில் வெள்ளையாகும் வரை பிழிந்து பிழிந்து அலசி, புதுத் தண்ணீர் நிரப்பினேன். நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தேன்.

நாலாவது நாள் வயிற்றிலும் பின்னங்கால் தொடையிலும் ஊசியால் குத்தியது போலச் சிவப்புப் புள்ளிகள். நடந்து போகும்போது விலாவிலிருந்து வெங்காயச் சருகின் உள்தோல் மாதிரி மெல்லிசாக ஏதோ உரிந்து மிதக்கிறது. இடது பக்கச் செவுளில் நடுக்கொம்பின் நுனியில் இலவம்பஞ்சு ஒட்டினாற்போல வெள்ளையாக ஒரு கொத்து. செவுள் மயிர் முன்பு குஞ்சம் மாதிரி அடர்த்தியாக இருக்கும், இப்போது பாதிகூட இல்லை. வால் நுனி கொக்கி போல வளைந்தே இருக்கிறது. அடிக்கடி மேலே வந்து காற்றைக் கவ்வுகிறது. மூன்று நாளாகச் சாப்பிடவில்லை.

மீன் வாங்கிய கடையில் கேட்டேன், பெயர் ஒட்டாத ஒரு குப்பியில் நீல மருந்து கொடுத்து தினமும் பத்துச் சொட்டு விடச் சொன்னார்கள். இரண்டு நாள் விட்டேன், இன்னும் மோசமானது போல இருக்கிறது. அம்மா ஒரு கைப்பிடிக் கல்லுப்பு போடு என்கிறார். மருந்தைத் தொடரட்டுமா, உப்புப் போடட்டுமா? இது பிழைத்தால் போதும் எனக்கு.

ஒத்தக்கடை:

தங்கச்சி, முதலில் அந்தக் குப்பியை மூடி வைத்துவிடு. மீனுக்கென்று விற்கிற மருந்துகள் பலவற்றில் மாலகைட் கிரீன், ஃபார்மலின், தாமிரச் சத்து என்று ஏதாவது ஒன்று கலந்திருக்கும். மீனுக்குச் செதிலாவது இருக்கிறது, இதற்கு அதுவும் இல்லை, தோல் வழியாகவே எல்லாம் உள்ளே போய்விடும். என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத மருந்தை இதன் தண்ணீரில் விடக்கூடாது.

அப்புறம், நீ எழுதியதில் எல்லாம் இருக்கிறது, எண் மட்டும் இல்லை. காலையிலும் சாயங்காலமும் தண்ணீர் எத்தனை டிகிரி, பிஹெச் எவ்வளவு, அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் எவ்வளவு? சொட்டு விட்டுப் பார்க்கிற கிட் கிடைத்தால் நல்லது, காகிதப் பட்டை சரியாகக் காட்டாது, பலவற்றில் அம்மோனியாவே இருக்காது. தொட்டித் தண்ணீரை மட்டும் பார்க்காதே, போர் குழாய்த் தண்ணீரையும் தனியாகப் பார். கொசு மருந்து மெஷின் அந்த அறையில் ஓடுகிறதா என்பதையும் சொல், அதில் இருக்கிற பைரித்ராய்டு நீரில் வாழும் உயிர்களுக்கு விஷம்.

வில்லாபுரத்துப் பொண்ணு:

அண்ணே, காலேஜ் தோழியிடம் கிட் வாங்கிப் பார்த்துவிட்டேன். காலை 26 டிகிரி, மதியம் நாலு மணிக்கு 28. பிஹெச் 8.2. அம்மோனியா 1, நைட்ரைட் 0.25, நைட்ரேட் 40. தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பை அளக்கிற டிடிஎஸ் பேனா 1350 காட்டுகிறது.

போர் குழாயில் நேராகப் பிடித்ததில் பிஹெச் 7.4, அம்மோனியா இல்லை, ஆனால் நைட்ரேட் அதிலேயே 40! அதே தண்ணீரை ஒரு ராத்திரி காற்றுக் கல் போட்டு வைத்துப் பார்த்தேன், பிஹெச் 8.2 ஆகிவிட்டது. கிட் கெட்டுப்போய்விட்டதா என்று சந்தேகப்பட்டு இரண்டு தடவை பார்த்தேன், அப்படியேதான் வருகிறது.

கொசு மெஷின் திருவிழா சமயத்தில் மூன்று ராத்திரி ஓடியது. இப்போது எடுத்துவிட்டேன்.

செவுள்:

ஆறு வருடமாக வளர்க்கிறேன். ஆரம்பத்தில் ஒன்றை இதே மாதிரி, இதே தவறால் இழந்தேன், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

கிட் கெடவில்லை தங்கச்சி. நிலத்தடி நீரில் கரியமில வாயு கரைந்திருக்கும், வெளியே எடுத்துக் காற்றுப் பட்டதும் அது பறந்துவிடும், பிஹெச் ஏறும். அதனால் குழாயில் பிடித்த உடனே பார்க்கிற பிஹெச்சை நம்பி எதையும் முடிவு செய்யாதே, மறுநாள் பார்ப்பதுதான் தொட்டியின் கணக்கு.

இங்கே நடந்தது இதுதான். அந்த ஸ்பாஞ்சில் ஒட்டியிருந்த பழுப்புச் சேறு அழுக்கு இல்லை, 14 மாதமாக உனக்கு வேலை செய்த பாக்டீரியா. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு கூட்டம் அந்த நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். கார்ப்பரேஷன் தண்ணீரில் கிருமி கொல்ல விடுகிற குளோரின் எந்தக் கிருமி என்று பார்க்காது. நீ பிழிந்த அந்தப் பத்து நிமிடத்தில் பெரும்பகுதி போயிருக்கும். ஸ்பாஞ்சைக் கழுவ வேண்டுமென்றால் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே ஒரு வாளியில் இரண்டு தடவை அமுக்கி எடுத்தால் போதும், பழுப்பாகவே இருக்கட்டும்.

ஃபில்டர் போன பிறகு முத்து வெளியேற்றுகிற அம்மோனியா அப்படியே தண்ணீரில் நிற்கிறது. 1 என்றால் கிட்டில் இளம்பச்சைதானே என்று தோன்றும். ஆனால் அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவத்தில் இருக்கும், ஒன்று அவ்வளவாகச் சுடாது, இன்னொன்று தோலையும் செவுளையும் சுட்டுவிடும். எது எவ்வளவு என்பதைப் பிஹெச்சும் சூடும்தான் தீர்மானிக்கின்றன. பிஹெச் 7.2, 18 டிகிரி என்றால் மொத்தத்தில் இருநூறில் ஒரு பங்குதான் சுடுகிற வடிவம். உன் தொட்டியில், 8.2-ல், மதியம் 28 டிகிரியில், ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அதாவது அதே 1 என்ற எண், உன் வீட்டில் இருபது மடங்கு காரம். முத்துவின் வயிற்றில் தெரிகிற சிவப்பு, உரிகிற தோல், உதிர்கிற செவுள் மயிர் எல்லாம் அந்த அம்மோனியா சுட்ட காயம். பஞ்சு போன்ற பூஞ்சை பிறகு வந்தது, காயம் பட்ட இடத்தில்தான் அது உட்காரும். தோலின் மேல் இருக்கிற வழவழப்புதான் இதற்குக் கவசம், அது நன்றாக இருக்கும்வரை பூஞ்சைக்குப் பிடிமானம் கிடையாது. வெப்பம் கூடக் கூடத் தண்ணீரில் ஆக்சிஜனும் குறையும், செவுளும் பாதியாகிவிட்டது, பிறகு மேலே வந்து காற்றைக் கவ்வாமல் என்ன செய்யும்.

தோல் உரிவது மட்டும் தனியாக என்றால் பயப்பட வேண்டாம், நல்ல ஆக்ஸலாட்டலும் மெல்லிய தோலை அவ்வப்போது உரிக்கும், பல நேரம் தானே தின்றும்விடும். சாப்பிடும்போது செவுள் சிவப்பதும் இயல்பு. சிவப்புப் புள்ளியும் வால் கொக்கியும் பட்டினியும் சேர்ந்து வந்தால்தான் ஆபத்து.

இப்போதே செய்ய வேண்டியது: முத்துவைத் தொட்டியிலிருந்து எடுத்துவிடு. சோப்புப் படாத, மூடி உள்ள 15 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா ஒன்று போதும், மூடியில் ஓட்டை போடு, குதித்து வெளியே வந்துவிடும். வலையால் பிடிக்காதே, செவுளும் விரலும் சிக்கும், ஒரு பாத்திரத்தைத் தண்ணீருக்குள்ளேயே சாய்த்து அதற்குள் நடக்கவிட்டுத் தண்ணீரோடு தூக்கு. டப்பாவில் ஃபில்டர் வேண்டாம், மணல் வேண்டாம், இருட்டான மூலையில் வை. 24 மணி நேரத்துக்கு ஒரு தடவை முழுத் தண்ணீரையும் மாற்று, கழிவு தெரிந்தால் உடனே எடு. மாற்றுகிற தண்ணீர் டப்பாவில் இருக்கிற தண்ணீரின் வெப்பத்துக்கு ஒன்றிரண்டு டிகிரிக்குள் இருக்க வேண்டும். இரண்டு டப்பா வைத்துக்கொண்டால் எளிது, ஒன்றில் முத்து, ஒன்றில் நாளைய தண்ணீர், பக்கத்துப் பக்கத்தில்.

எந்தத் தண்ணீர் என்பதுதான் நம் ஊரில் பெரிய கேள்வி. போர் தண்ணீர் மட்டும் என்றால் 1350 டிடிஎஸ், நைட்ரேட் 40-ல் ஆரம்பிக்கிறாய், மேலே ஏறத்தான் செய்யும். நான் 20-ஐத் தாண்டவிடுவதில்லை. சரி, கேன் தண்ணீர் மட்டும் ஊற்றலாமா என்றால் அதுவும் கூடாது. கேனில் வருகிற ஆர்ஓ தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் ஏறக்குறைய இல்லை, வெறும் தண்ணீர் தோல் வழியாக உடம்புக்குள் ஊறிக்கொண்டே இருக்கும், அதை வெளியேற்றியே சோர்ந்துபோகும். இரண்டு பங்கு கேன், ஒரு பங்கு போர். டிடிஎஸ் 500 பக்கம் வரும், நைட்ரேட் 14 பக்கம் வரும், கடினத்தன்மையும் இதற்குப் பிடித்த அளவில் நிற்கும். வீட்டில் சாஃப்ட்னர் மெஷின் போட்டிருந்தால் அந்தத் தண்ணீர் வேண்டாம், அது கால்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தை விடுகிறது. கார்ப்பரேஷன் தண்ணீர் உப்புக் குறைவுதான், ஆனால் குளோரினை முறிக்கிற மருந்து போட வேண்டும். வாங்கும்போது சோற்றுக்கற்றாழை சேர்த்தது என்று எழுதியிருந்தால் எடுக்காதே, அது மீனுக்கு, இதற்கு வேண்டாம்.

திருநகர் தொட்டி:

செவுள் அண்ணன் சொன்னது எல்லாம் சரி, ஆனால் பூஞ்சைக்கு உப்புக் குளியல் கொடுக்கலாம் என்பது என் அனுபவம். லிட்டருக்கு இரண்டு டீஸ்பூன், அயோடின் கலக்காத உப்பு, தனிப் பாத்திரத்தில், கடிகாரத்தைப் பார்த்துப் பத்தே நிமிடம், காலை ஒன்று மாலை ஒன்று. மூன்றாவது நாள் பஞ்சு தானாக உதிர்ந்துவிட்டது. அம்மா சொல்கிற மாதிரி தொட்டிக்குள் கைப்பிடி அள்ளிப் போடுவது மட்டும் வேண்டாம்மா, தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது, நாளுக்கு நாள் ஏறும்.

கொடை ரோடு:

நான் இதில் மாறுபடுகிறேன். உங்கள் ஆக்ஸலாட்டலுக்கு வெறும் பூஞ்சை, தோல் நன்றாக இருந்தது, உப்புத் தாங்கியது. முத்துவுக்கு வயிறும் தொடையும் வெந்திருக்கிறது. வெந்த தோலில் உப்பு பட்டால் எப்படி இருக்கும் என்று அடுப்பில் கை சுட்டுக்கொண்டவர்களுக்குத் தெரியும். இருக்கிற கொஞ்ச வழவழப்பையும் உப்பு உரித்துவிடும். நான் இதற்கு உப்பை எடுக்கவே மாட்டேன்.

அதற்குப் பதில் வாதாம் இலை. நம் தெருக்களில் நிற்கிற நாட்டு வாதாம் மரத்தில் தானாகப் பழுத்து உதிர்ந்த பழுப்பு இலை, பச்சை வேண்டாம், சாலைப் புகையும் பூச்சிமருந்தும் படாத மரமாகப் பார்த்து எடு. கழுவி, கொதிநீர் ஊற்றி ஊறவைத்து, ஆறிய பிறகு அந்தச் சாற்றை டப்பாத் தண்ணீரில் வெளிர் டீ நிறம் வருகிற அளவு சேர். இலையில் இருக்கிற டானின் தோலை லேசாக இறுக்கும், பூஞ்சையையும் கட்டுப்படுத்தும். பால், சர்க்கரை, வாசனை எதுவும் சேராத கறுப்புத் தேயிலையிலும் இதே டானின்தான்.

ஆனால் இலையைவிடப் பெரிய மருந்து குளிர்ச்சி. இந்த உயிர் மெக்சிகோ நகரத்துப் பக்கம் சோச்சிமில்கோ ஏரியிலும் கால்வாய்களிலும் மட்டுமே இயற்கையாக வாழ்வது. அந்த ஊர் கடல் மட்டத்துக்கு மேல் 2,240 மீட்டர், நம் கொடைக்கானலைவிடக் கொஞ்சம் உயரம். கொடைக்கானல் ஏரிக்குள் காலை வைத்துப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். 16 முதல் 18 டிகிரி இதற்குச் சுகம், 24-க்கு மேல் போனால் உடம்பு தாங்காது. சித்திரை வெயிலில் மதுரையில் 28-ல் வைத்துக்கொண்டு எந்த மருந்து கொடுத்தாலும் நிற்காது. உன் தொட்டி எந்த மாடியில் இருக்கிறது? மொட்டை மாடிக்கு நேர் கீழே என்றால் பகலில் குடித்த வெயிலைக் கூரை ராத்திரி முழுக்கக் கக்கும். கீழ்த்தளத்தில், வடக்குப் பக்கத்து அறையில், தரையோடு தரையாக வை. டப்பா மேல் கொசுவலைத் துணி கட்டி, தண்ணீர்ப் பரப்பின் மேல் சாய்வாக ஒரு சின்ன மின்விசிறி விடு, நம் ஊர்க் காய்ந்த காற்றில் மூன்று நாலு டிகிரி இறங்கும், மண்பானை குளிர்வதும் இப்படித்தான். ஆவியாகிக் குறைகிற தண்ணீருக்குக் கேன் தண்ணீரை ஊற்று, போர் தண்ணீரை ஊற்றினால் உப்பு மேலே மேலே சேரும். இன்னும் தேவைப்பட்டால் அரை லிட்டர் பாட்டிலில் தண்ணீரை உறையவைத்து, மூடியை இறுக்கி, ஒன்று கரைந்த பிறகு இன்னொன்று என்று மாற்று. ஒரேயடியாக நாலு பாட்டில் போட்டு ஒரு மணி நேரத்தில் எட்டு டிகிரி இறக்காதே. ஃபிரிட்ஜில் வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள், பழக்கமில்லாத கையால் வேண்டாம்.

நேராகச் சொல்கிறேன், வருத்தப்படாதே. விசிறியும் பாட்டிலும் ஒரு மாதத்தை ஓட்டத்தான். மதுரையில் இதை வளர்க்கிறோம் என்றால் தொட்டித் தண்ணீரைக் குளிர்விக்கிற சில்லர் மெஷின் வாங்கியாக வேண்டும், இல்லையென்றால் ஏசி அறை. தொட்டி வாங்கும்போதே கடைக்காரர் சொல்லியிருக்க வேண்டியது இது.

செவுள்:

உப்பு விஷயத்தில் நானும் கொடை ரோடு அண்ணன் பக்கம்தான். ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். தண்ணீரைச் சரி செய்து மூன்று நாளில் சிவப்பு வெளுக்கத் தொடங்க வேண்டும். அப்படி இல்லாமல் காலில் சிவப்பு படர்ந்தாலோ, தோல் குழிந்து புண்ணானாலோ, வயிறு ஊதினாலோ ஏரோமோனாஸ் மாதிரி பாக்டீரியா ரத்தத்தில் இறங்கியிருக்கலாம். அது இலைக்கும் டீக்கும் அடங்காது, ஆன்டிபயாட்டிக் வேண்டும், அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஊர்வன, பறவைகள் பார்க்கிற கால்நடை மருத்துவர் ஒருவரை இப்போதே விசாரித்து வை, அன்றைக்குப் போய்த் தேடாதே. இன்னொன்று, இது சைட்டிஸ் என்கிற சர்வதேச உயிரின வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ள உயிர், 2024-ல் வந்த விதிப்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். செய்யவில்லை என்றால் அதையும் முடித்துவிடு.

தொட்டிக்கு என் ஓடுகிற ஃபில்டரிலிருந்து ஒரு ஸ்பாஞ்ச் தருகிறேன், என்னிடம் நோய் எதுவும் இல்லை. ஈரம் காயாமல் தொட்டித் தண்ணீரோடு பையில் கட்டி எடுத்துப்போ. அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் ஒரு வாரம் தொடர்ந்து பூஜ்யம் காட்டாமல் முத்துவைத் தொட்டிக்குள் விடாதே.

வில்லாபுரத்துப் பொண்ணு:

பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். அன்று ராத்திரியே டப்பாவுக்கு மாற்றிவிட்டேன். கீழே சாமி அறைக்குப் பக்கத்தில், தரையில் வைத்தோம். விசிறியும் பாட்டிலுமாக 22-க்கு மேல் போகவிடவில்லை, அப்பா ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து பாட்டில் மாற்றினார். கேன் இரண்டு, போர் ஒன்று. உப்புப் போடவில்லை, வாதாம் இலைச் சாறு மட்டும்.

மூன்றாம் நாள் வால் நிமிர்ந்தது. ஐந்தாம் நாள் தண்ணீர் மாற்றும்போது அந்தப் பஞ்சு டப்பா அடியில் கிடந்தது, செவுளில் இல்லை. தொடைச் சிவப்பு போய்விட்டது, வயிற்றில் ஒரு இடத்தில் மட்டும் லேசான ரோஸ், நேற்றைவிட இன்று குறைவு. செவுள் மயிர் இன்னும் குட்டைதான், ஆனால் கொம்பு நுனியில் புதிதாகப் பூனை மீசை மாதிரி நாலைந்து இழை தெரிகிறது.

சாப்பாடுதான் பயமாக இருந்தது. உரக்குழி மண்புழுவைக் கொடுத்தேன், வாயில் வாங்கித் துப்பிவிட்டது. மாமா ஊரில், உரமோ மருந்தோ போடாத கிணற்றடி ஈரமண்ணில் தோண்டி நாட்டு மண்புழு எடுத்து வந்தோம். நேற்று ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு ஒரு துண்டை மூக்குக்கு நேரே காட்டினேன். கொஞ்ச நேரம் அசையவே இல்லை. பிறகு ஒரே கவ்வு, இடுக்கியோடு சேர்த்து இழுத்தது!

செவுள் அண்ணே, ஸ்பாஞ்ச் வந்து ஒன்பது நாளாகிறது. அம்மோனியா இன்று 0.25, நைட்ரைட் 0.5. காத்திருக்கிறேன். சில்லருக்கு அப்பா சரி என்று சொல்லிவிட்டார்.